திங்கட்கிழமைக் குஞ்சுகள்

பாபநாசத்துத் தண்ணீரில் வளர்ந்தால் மூளை மந்தமாகும் என்று எட்டு மாதம் முழுமனதாக நம்பிய ஒரே ஆள், தாமிரபரணி பாயும் இந்தப் பூமியிலேயே நானாகத்தான் இருப்பேன். நம்பியதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. வரைபடம் போட்டு, அம்புக்குறி வைத்து, என் நெறியாளரான பேராசிரியரின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அவர் பிறந்து வளர்ந்தது பாபநாசத்துக்கு அடுத்த ஊர்.

"அப்போ எங்க ஊர்க்காரன் பூரா மண்டு. அதானே சொல்லுதிய?" என்றார்.

"மீனைத்தான் சார் சொல்லுதேன்."

"மீனும் எங்க ஊர்த் தண்ணியிலதானம்மா கிடக்கு."

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் அப்போது நான் ஆராய்ச்சி மாணவி. என் பிழைப்பு வரிக்குதிரை மீன்களை நம்பி இருந்தது. பெயர்தான் அவ்வளவு பெரியது. மீன் என்னவோ சுண்டுவிரல் நீளம்கூட வராது. வண்ணார்பேட்டையில் கண்ணாடித் தொட்டி விற்கும் கடையில் பை பையாகத் தொங்கும். உலகம் முழுக்க விஞ்ஞானிகள் இதைக் கட்டிக்கொண்டு அழுவதற்குக் காரணம் அதன் முட்டைதான். கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். இன்று காலை இட்ட முட்டைக்குள் நாளை காலை தலை, கண், வால் எல்லாம் வந்துவிடும். கரு என்றுதான் எழுத வேண்டும், ஆனாலும் ஆய்வகத்தில் நாங்கள் குஞ்சு என்றே சொல்வோம்.

அந்தத் தலைக்குள் மூளை முதலில் ஒரு குழாயாகத்தான் இருக்கும். பிறகு அது அங்கங்கே உப்பி அறை அறையாக விரியும். அறைச் சுவரை ஒட்டி வரிசையாக நிற்பவைதான் மூளையின் ஸ்டெம் செல்கள். ஒரு ஸ்டெம் செல் இரண்டாகப் பிரிந்தால், பெரும்பாலும் ஒன்று சுவரோடு அங்கேயே தங்கிவிடும், இன்னொன்று நகர்ந்துபோய் நரம்புச் செல்லாக மாறிவிடும். இரண்டு பிள்ளை பெற்ற வீட்டில் ஒருவன் ஊரோடு நிலத்தைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவன் சென்னைக்கு வேலைக்குப் போகிற மாதிரி என்று இளங்கலைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பேன். கிளம்பிப் போனவர்களை எண்ணுவதுதான் என் வேலை. சரியாக இருபத்துநாலு மணி நேரம் ஆன குஞ்சின் தலையில் எத்தனை நரம்புச் செல்கள் வந்திருக்கின்றன, அறை எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆற்றின் மேல்பகுதித் தண்ணீரில் வளரும் மூளைக்கும் நகரத்தைத் தொட்ட தண்ணீரில் வளரும் மூளைக்கும் என்ன வித்தியாசம் என்பது என் ஆய்வு.

என் வீடு அம்பாசமுத்திரம். ஞாயிற்றுக்கிழமை பாபநாசத்துக்குப் போய் ஒரு கேனில் தண்ணீர் பிடித்துக்கொள்வேன். திங்கட்கிழமை காலை பஸ்ஸில் அந்தக் கேனோடு ஏறினால், "தீர்த்தமாம்மா?" என்று கேட்டு இரண்டு பேராவது கையை நீட்டுவார்கள். ஊற்றாமல் இருக்க முடியுமா? ஆராய்ச்சித் தண்ணீரில் பாதி பஸ்ஸிலேயே தலைகளில் தெளிக்கப்பட்டுவிடும். மிச்சம் திங்கட்கிழமை முட்டைகளுக்கு. புதன்கிழமை வண்ணார்பேட்டைப் படித்துறையில் நகரத் தண்ணீர் பிடித்து வைப்பேன். அது வியாழக்கிழமை முட்டைகளுக்கு. இதை ஒருவரும் கேட்டு வாங்கியதில்லை.

மீன்களைச் சேர்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முந்தின நாள் மாலையே ஒரு சின்னப் பெட்டியில் ஆணையும் பெண்ணையும் விட்டு, நடுவே கண்ணாடித் தடுப்பு ஒன்றைச் செருகிவிட வேண்டும். காலையில் ஏழரைக்கு விளக்கு தானாக எரியும். வெளிச்சம் வந்ததும் தடுப்பை உருவினால், கால் மணி நேரத்தில் முட்டை. தடுப்பை உருவிய நேரம்தான் குஞ்சின் பிறந்த நேரம் என்று பதிவேட்டில் எழுதி, அதிலிருந்து இருபத்துநாலு மணி நேரத்தை எண்ணுவோம்.

வியாழக்கிழமைகளில் நான் விடுதியில் இருப்பதால் தடுப்பை நானே உருவுவேன். திங்கட்கிழமை நான் வந்து சேர ஒன்பதரை ஆகிவிடும். அன்றைக்குத் தடுப்பை உருவுவதும், முந்தின மாலை மீன்களைப் பெட்டியில் விடுவதும் எங்கள் ஆய்வக உதவியாளரின் வேலை. அவரை எல்லாரும் அண்ணாச்சி என்போம். ஐம்பதைத் தாண்டியவர், நெற்றி நிறையத் திருநீறு, சுத்த சைவம். மீன் சாப்பிடாதவர் என்பதாலேயே மீன்களை நம்பி ஒப்படைக்கலாம் என்பது பேராசிரியரின் கருத்து. தற்காலிகப் பணி. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பேராசிரியர் கையெழுத்துப் போட்டால்தான் நீடிக்கும். தொட்டி கழுவுவது, இரை போடுவது, நான் பயன்படுத்திய கண்ணாடித் தட்டுகளைக் கழுவிக் கவிழ்ப்பது எல்லாம் அவர்தான்.

நான் ஒன்பதரைக்கு உள்ளே நுழையும்போது முட்டைகள் குவளையில் தயாராக இருக்கும். பதிவேட்டில் அழகான கையெழுத்தில் ஏழு முப்பது என்று இருக்கும். முட்டைகளைப் பாபநாசத் தண்ணீருக்கு மாற்றிவிட்டு, இளங்கலைப் பிள்ளைகளின் செய்முறை வகுப்புக்கு ஓடுவேன். நுண்ணோக்கியில் குனிந்து பார்ப்பது மறுநாள் காலை ஏழரைக்குத்தான்.

பார்த்தால், திங்கட்கிழமைக் குஞ்சுகள் மக்குப் பிள்ளைகள். வால் குட்டை. மூளை அறைகள் அரைகுறையாக விரிந்திருக்கும். வெளியூர் கிளம்பியிருக்க வேண்டிய செல்கள் இன்னும் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும். வியாழக்கிழமைக் குஞ்சுகளோ கெட்டிக்காரப் பயல்கள். ஒரு வாரம் இல்லை, இரண்டு வாரம் இல்லை, எட்டு மாதமும் இப்படியே. எனக்குத் தலைகால் புரியவில்லை. மூலிகை தொட்டு வரும் தண்ணீர் என்று ஊரே கொண்டாடுகிற மலைத் தண்ணீர் மூளையைத் தாமதப்படுத்துகிறது, நகரத்து அழுக்கைத் தொட்ட தண்ணீரில் மூளை ஜோராக வளர்கிறது! இதைவிட வம்பான கண்டுபிடிப்பு யாருக்குக் கிடைக்கும்? எனக்குச் சின்ன வயதிலிருந்தே பெரியவர்கள் பெருமைப்படுகிற விஷயத்தில் ஊசி குத்திப் பார்க்கப் பிடிக்கும். அதுவும் என் கண்ணை மறைத்தது, ஒத்துக்கொள்கிறேன்.

பேராசிரியர் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் கூப்பிட்டு, ஆய்வுக்குழுவைக் கூட்டுவதாகச் சொன்னார். வெளியிலிருந்து இரண்டு பேராசிரியர்கள் வருவார்கள், அவர்கள் ஒத்துக்கொண்டால் அந்த அத்தியாயம் நிற்கும், இல்லையென்றால் ஆய்வேடே தள்ளிப்போகும். மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு ஐந்துக்குக் கூட்டம் என்று கடிதம் வந்தது. அந்த ஐந்து நிமிடம் எதற்கு என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

குழுவுக்குக் காட்டப் புதிதாகப் படம் எடுக்க வேண்டியிருந்தது. முட்டை இட்டவுடனே முதல் செல் பிரிவதிலிருந்து எடுத்தால் அழகாக இருக்கும் என்று, மாசி மாதத்து ஒரு திங்கட்கிழமை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் பஸ் பிடித்தேன். வழக்கமாக ஏழு இருபதுக்கெல்லாம் அம்மா என்னை வாசலைத் தாண்டித் துரத்திவிடுவார். அன்று ஆறு இருபதுக்கே கிளம்பவும், "நல்லதாப் போச்சு, போ" என்றார்.

எட்டரைக்கு ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். விளக்கு எரிகிறது. பெட்டியில் தடுப்பு அப்படியே இருக்கிறது. இந்தப் பக்கம் ஆண், அந்தப் பக்கம் பெண், இரண்டும் கண்ணாடியில் மூக்கை உரசிக்கொண்டு நிற்கின்றன. பக்கத்தில் ஸ்டூலில் அண்ணாச்சி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். மேஜையில் பதிவேடு திறந்திருக்கிறது. அன்றைய தேதி. அழகான கையெழுத்து. ஏழு முப்பது.

"அண்ணாச்சி, தடுப்பை இன்னும் எடுக்கலையா?"

அவர் நிதானமாகக் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னும் அரை மணி இருக்கே. ஒம்பது வரைக்கும் ராகுகாலம்லா?"

திங்கட்கிழமை ராகுகாலம் ஏழரை முதல் ஒன்பது. இது தெரியாமல் யாரும் எங்கள் ஜில்லாவில் பள்ளிக்கூடத்தைத் தாண்ட முடியாது.

"எல்லாத் திங்கட்கிழமையும் இப்படித்தானா?"

"பின்னே? ஒரு பொண்ணையும் மாப்பிள்ளையையும் சேத்து வைக்கிற காரியம். ராகுகாலத்துல பண்ணுவாவளா? பொறக்கிறதுக்கு ஏதும் குறை வந்துட்டா? அதுவும் நீங்க மூளையைப் பாக்கிற படிப்பு படிக்கிய. உங்க படிப்புக்கு ஒண்ணும் ஆவக்கூடாதுன்னுதான் நான் இங்கனயே காவல் இருக்கேன்."

எட்டு மாதம். பாபநாசத் தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. திங்கட்கிழமைக் குஞ்சுகள் மக்கும் இல்லை. நான் இருபத்துநாலு மணி நேரம் என்று நினைத்துக் குனிந்து பார்த்தவை, இருபத்திரண்டரை மணி நேரம்கூட ஆகாத பச்சைப் பிள்ளைகள். ஒன்றரை மணி நேரத்தைத் தூக்கி ராகுவிடம் கொடுத்துவிட்டு, பழியைத் தாமிரபரணி மீது போட்டிருக்கிறோம்.

எனக்குக் கோபம் வந்தால் நல்ல தமிழ் வராது. கத்தினேன். மீனுக்கு ஏது ராகுகாலம் என்றேன். ஜாதகமும் பார்த்தீர்களா என்றேன். சேர்ப்பதற்கு நல்ல நேரம் பார்த்தவர் பதிவேட்டில் பொய் எழுதுவதற்கும் நல்ல நேரம் பார்த்தீர்களா என்றேன். இதைப் பேராசிரியரிடம் சொன்னால் அடுத்த ஆறு மாதத்துக்குக் கையெழுத்து விழாது தெரியுமா என்றும் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.

அவர் பேப்பரை நாலாக மடித்து வைத்தார். "எழுதினது தப்புதான். ஏழரைன்னு எழுதணும்னு நீங்க சொன்னிய, எழுதினேன். ஒண்ணரை மணி நேரம் பொய்தான். ஒத்துக்கிடுதேன்." பிறகு குரலை உயர்த்தாமல் கேட்டார். "அந்தப் பச்சை டேப் ஒட்டுன தட்டு என்னாச்சும்மா? ஆடி மாசத்துக்குப் பொறவு கழுவ வரவே இல்லையே?"



பச்சை டேப் தட்டு என்பது கன்ட்ரோல் தட்டு. எந்தத் தண்ணீரைச் சோதித்தாலும், அன்றைய முட்டைகளில் கொஞ்சத்தைச் சாதாரணத் தொட்டித் தண்ணீரில் தனியாக வளர்க்க வேண்டும். தண்ணீரில் கோளாறா, வேறு எதிலாவது கோளாறா என்று காட்டிக்கொடுப்பது அதுதான். ஒவ்வொரு முறையும் வைக்க வேண்டும். அது முதல் பாடம். நான் முதல் மாதம் வைத்தேன், அதுவும் வியாழக்கிழமைகளில் மட்டும். பிறகு அலுத்துவிட்டது. தொட்டித் தண்ணீரில் என்ன அதிசயம் நடந்துவிடப் போகிறது? முதல் மாதத்து எண்களையே அங்கே ஒன்று கூட்டி இங்கே ஒன்று குறைத்து, மிச்ச ஏழு மாதமும் அந்தக் கட்டத்தில் நிரப்பிக்கொண்டு வந்தேன். ஒரே ஒரு திங்கட்கிழமை பச்சைத் தட்டை வைத்திருந்தால், அதிலும் குஞ்சுகள் பின்தங்கியிருப்பது தெரிந்திருக்கும். முதல் வாரத்திலேயே குட்டு உடைந்திருக்கும்.

கன்ட்ரோல் தட்டில் வேறு வாடை படக்கூடாது, தனியாகக் கழுவுங்கள் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். தனியாகக் கழுவ வேண்டிய தட்டு வரவில்லை என்பது கழுவுகிறவருக்குத் தெரியாமல் போகுமா? ஏழு மாதமாகத் தெரிந்திருக்கிறது. ஒருவரிடமும் சொல்லவில்லை. பேராசிரியரிடம் சொல்லிவிடுவேன் என்று நான் சொன்ன பிறகும் அவர் அப்படி மிரட்டவில்லை, கேட்கத்தான் செய்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அண்ணாச்சியின் முகத்தைப் பார்க்க முடியாமல் மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவை இன்னும் கண்ணாடியில் மூக்கை உரசிக்கொண்டிருந்தன. ஒன்பது அடித்ததும் அவர் எழுந்து தடுப்பை உருவினார். நான் தடுக்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலையே கேனோடு விடுதிக்கு வந்துவிட்டேன். திங்கட்கிழமை ஏழரைக்கு நானே தடுப்பில் கை வைத்தேன். அண்ணாச்சி வாசலில் நின்று, "நான் டீ குடிச்சுட்டு வாரேன்" என்று நழுவினார். பாவத்தில் பங்கு வேண்டாம் என்று நினைத்திருப்பார். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் உருவுவதற்கு முன்னால் கை ஒரு கணம் நின்றது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? உருவினேன். பச்சை டேப் தட்டும் வைத்தேன். சரியாக ஒன்பது ஒன்றுக்கு அண்ணாச்சி டீ குடித்து முடித்து உள்ளே வந்தார்.

மறுநாள் காலை ஏழரைக்கு நுண்ணோக்கியில் குனிந்தேன். பாபநாசத் தண்ணீரில் கிடந்த குஞ்சும் தொட்டித் தண்ணீரில் கிடந்த குஞ்சும் இரட்டைப் பிள்ளைகள் போல இருந்தன. மூளை அறைகள் திறந்து, செல்கள் கிளம்பி, எல்லாம் சொன்ன நேரத்துக்கு நடந்திருந்தது. என் அத்தியாயம் என் கண் முன்னாலேயே செத்துப்போனது. அழுகை வரும் என்று நினைத்தேன், சிரிப்பு வந்தது.

"பாக்குதியளா?" என்று அண்ணாச்சியைக் கேட்டேன். அவ்வளவு நாள் அந்தத் தட்டுகளைக் கழுவியவரை ஒரு தடவையாவது உள்ளே பார்க்கச் சொல்ல எனக்குத் தோன்றியதே இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"கண்ணு வந்துட்டு. யம்மா, வால் துள்ளுது. இது ராகுகாலத்துப் பிள்ளையா?"

"ஆமா அண்ணாச்சி. ஒரு குறையும் இல்லை."

நிமிர்ந்து யோசித்தார். "அப்ப ராகு மனுசனைத்தான் பாப்பாரு போல. மீனைக் கண்டுக்கிட மாட்டாரு." அவர் பஞ்சாங்கத்துக்கு ஒரு சேதமும் இல்லை. சேதமெல்லாம் என் அத்தியாயத்துக்குத்தான்.

அதற்கடுத்த திங்கட்கிழமையும் செய்து பார்த்தேன். அதே முடிவு. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு ஐந்துக்குக் கூட்டம் கூடியது. பேராசிரியர், வெளியிலிருந்து வந்த தாவரவியல் அம்மா ஒருவர், உயிர்வேதியியல் ஐயா ஒருவர். மூன்று பேருக்கு முன்னால் நான். அண்ணாச்சி டீத் தட்டோடு கதவருகே நின்றார். அந்த மாதம்தான் அவருக்கு அடுத்த ஆறு மாதக் கையெழுத்து.

என் குற்றத்தை முதலில் சொன்னேன். ஏழு மாதம் கன்ட்ரோல் வைக்கவில்லை, பழைய எண்களைத் திருத்திப் போட்டேன், முடிவு தவறு, பாபநாசத் தண்ணீரில் ஒன்றுமில்லை. பேராசிரியரின் முகத்தில் கோபமும் நிம்மதியும் ஒன்றையொன்று முந்தப் பார்த்தன. பிறகு மூன்று பேரும் பிடித்துக்கொண்டார்கள். ஏன் வைக்கவில்லை, எத்தனை தடவை, யார் சரிபார்த்தது, தண்ணீரின் வெப்பம் என்ன, காரம் என்ன, முட்டை எத்தனை என்று கேள்வி மேல் கேள்வி. அரை மணி நேரம் வறுத்து எடுத்தார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

கடைசியில் தாவரவியல் அம்மா கேட்டார். "கன்ட்ரோல் இல்லைங்கிறது சரி. ஆனா குஞ்சுகள் பின்தங்கினது நிஜம்தானே? அது எதனால?"

கதவருகே டீ கிளாஸ்கள் லேசாக ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"தடுப்பைத் தாமதமா எடுத்தோம் மேடம். எடுத்த நேரத்தைச் சரியா எழுதலை," என்றேன். எடுத்தார் என்று சொல்லவில்லை, எடுத்தோம் என்றுதான் சொன்னேன்.

"எல்லா நாளுமா?"

"இல்லை மேடம். திங்கட்கிழமை மட்டும். ஏழரைக்கு எடுக்க வேண்டியதை ஒம்பது மணிக்கு."

அடுத்து வரப்போகும் கேள்விக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஏன் திங்கட்கிழமை மட்டும்? ஏன் ஏழரைக்குப் பதில் ஒன்பது? ஒரு குழந்தைகூடக் கேட்கும். அரை மணி நேரம் என்னைத் துளைத்து எடுத்த மூன்று விஞ்ஞானிகளும் கேட்கவில்லை. தாவரவியல் அம்மா முந்தானையைச் சரி செய்தார். உயிர்வேதியியல் ஐயா டீ எங்கே என்று திரும்பிப் பார்த்தார். பேராசிரியர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பன்னிரண்டு மணிக்கு முடியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதோடு இன்னொன்றும் உறைத்தது. திங்கட்கிழமைதோறும் அம்மா என்னை ஏழு இருபதுக்கு ஏன் துரத்துகிறார் என்பதை அத்தனை வருடத்தில் நானும் கேட்டதில்லை.

"சரி, அது விளங்குது," என்றார் பேராசிரியர். "டீயைக் கொடுங்க அண்ணாச்சி."

அத்தியாயத்தை முதலிலிருந்து செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும் கன்ட்ரோல் வைக்க வேண்டும், ஆய்வேடு ஒரு வருடம் தள்ளிப்போகும் என்று எழுதினார்கள். எனக்கு உரியதுதான். அண்ணாச்சிக்குக் கையெழுத்து விழுந்தது. புதிய கால அட்டவணையைப் பேராசிரியரே தன் கையால் போட்டுக் கொடுத்தார். திங்கட்கிழமையை அடித்துவிட்டுச் செவ்வாய்க்கிழமை என்று எழுதியிருந்தார். காரணம் எழுதவில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை நான் போகும்போது தடுப்பு உருவப்பட்டிருந்தது. பதிவேட்டில் அதே அழகான கையெழுத்தில் ஏழு முப்பத்திரண்டு என்று இருந்தது. மறுநாள் மாலை, கழுவும் தொட்டியின் முன்னால் நின்று அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார்.

"பச்சை டேப் மூணு இருக்கணும். ரெண்டுதானே வந்திருக்கு?"

மூன்றாவது நுண்ணோக்கியின் அடியிலேயே மறந்து கிடந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, உண்மையிலேயே பயன்படுத்தியதுதானா என்று பார்த்துவிட்டுத்தான் தண்ணீரைத் திறந்தார்.